மிக்ஸி வண்டிக்கு இன்சூரன்ஸ்

மீனம்மாள் அக்கா ஓட்டியது வண்டியே இல்லை என்றது சட்டம். பேட்டரியில் ஓடுகிறது, வேகமும் குறைவு, அதனால் நம்பர் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், சைக்கிள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று தண்டலத்தில் அதை விற்ற ஷோரூம்காரன் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினான். இத்தனை வேண்டாம் சொல்லி ஒருவன் ஒரு பொருளை விற்றால் வாங்குகிறவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அக்காவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் வாங்கியிருப்பாள்.

அவளுக்கு இடது கால் சிறு வயதிலேயே போலியோவில் சூம்பிப் போய்விட்டது. வீடு எழிச்சூரில். வேலை ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் வயர் கட்டுகளைச் செய்யும் கம்பெனியில். கம்பெனி பஸ் கூட்டுரோட்டோடு நின்றுவிடும், அதன் முதல் படியே அவள் இடுப்புக்கு வரும். ஷேர் ஆட்டோவில் அவள் ஒரு கையை ஊன்றி ஏறுவதற்குள் நாலு பேர் ஏறி உட்கார்ந்து 'போலாம் ரைட்' என்றுவிடுவார்கள். தம்பி தாவீது தன் பைக்கில் கொண்டுவந்து விடுவான். அவனும் ஒரு கார் கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருந்தான். அவன் ஷிப்டு மாறினால் அக்காவுக்கு அன்று லீவு. இப்படியே வருஷக்கணக்காக ஓட்டினாள்.

2011இல் அந்தப் பேட்டரி வண்டி வந்தது. ஒரகடம் வெல்டிங் கடையில் பின்னால் இரண்டு சின்னச் சக்கரம் வைத்துக் கொடுத்தார்கள். "எப்ப கெளம்பணும்னு முப்பத்தேழு வயசுல மொத மொதல்ல நானே முடிவு பண்ணேன்டி கனகு" என்று என்னிடம் சொன்னாள். கனகு என்கிற கனகலட்சுமி நான்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஒரே மேஜையில் எனக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. வயர் கட்டைப் பலகையில் பரப்பி, ஒவ்வொரு உலோகப் பின்னும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். அந்த நாற்காலி போனால் அவளுக்கு இந்தச் சிப்காட் தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும் இன்னொரு நாற்காலி கிடைக்காது. அது எனக்குத் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வண்டி ஓடும்போது ஒரு சன்னமான சத்தம் வரும். அதைக் கேட்டு கேன்டீன் ஆட்கள் மிக்ஸி வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். "இன்னாக்கா, இன்னிக்கு தேங்கா சட்னியா, பொட்டுக்கடலையா" என்று கேட்பார்கள். "உன் மண்டையப் போட்டு அரைக்கலாம்னு கீறேன், கிட்ட வா" என்பாள். பதில் இல்லாமல் அவள் யாரையும் தாண்டிப் போனதை நான் பார்த்ததில்லை.

கேட்டில் தளவாய் என்று ஒரு செக்யூரிட்டி. கோவில்பட்டிக்காரர், எங்கள் பக்கத்து மனுஷர். புகை இல்லாத வண்டிதானே என்று அவளை ஷெட் வாசல் வரைக்கும் ஓட்டிப் போக விட்டுவிடுவார். கேட்டிலிருந்து ஷெட் அவ்வளவு தூரம். நாங்களே வேர்க்க விறுவிறுக்க நடந்துதான் போவோம். அக்கா எங்களைக் கடந்து போகும்போது கையை மட்டும் ஆட்டுவாள், மகாராணி மாதிரி.

2013இல் சேஃப்டிக்கு ஒரு புது அதிகாரி வந்தார். ஷிப்டு விடுகிற நேரத்தில் யாரோ ஒருவன் பைக்கில் இன்னொருவனை இடித்துவிட, அதை வைத்து ஒரு உத்தரவு போட்டார். உள்ளே வருகிற எல்லா இருசக்கர வண்டிக்கும் ஆர்.சி. நகலும் இன்சூரன்ஸ் நகலும் கொடுத்து பாஸ் வாங்க வேண்டும். பாஸ் இல்லாத வண்டி வெளியே. வெளியே என்றால் எங்கே? சிப்காட் ரோட்டில் நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். டீக்கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே விட்டுவிட்டு, லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து, கேட்டிலிருந்து ஷெட்டுக்கு அவள் நடந்து வந்து சேர்வதற்குள் எங்களுக்கு முதல் டீ வந்துவிடும். அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்மா என்றார். மாதக் கடைசி வரைக்கும் தவணை கொடுத்தார், அதுவும் இரக்கப்பட்டு.

அப்படித்தான் நாங்கள் இன்சூரன்ஸ் தேடிக் கிளம்பினோம். வார லீவு நாட்களில் நான் பில்லியனில், அவள் முன்னால்.

முதலில் கூட்டுரோட்டில் ரத்னா கடை. ஜெராக்ஸ், கலர் போட்டோ, ரீசார்ஜ், இன்சூரன்ஸ், எல்லாம் ஒரே மேஜையில் நடக்கும்.

"வண்டி நம்பர் சொல்லுக்கா" என்றாள் ரத்னா.

"நம்பர் இல்ல."

"புது வண்டியா?"

"ரெண்டு வருஷம் ஆவுது. நம்பரே வேணாம்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

ரத்னா கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். "பாரு. இங்க நம்பர் போடாம இது அடுத்த பக்கத்துக்கே போவாது. எனக்கு போட மனசுதான், இதுக்கு மனசில்ல."

விற்றவனையே கேட்கலாம் என்று தண்டலம் போனோம். ஷோரூம் இருந்த இடத்தில் பழ ஜூஸ் கடை இருந்தது. போர்டில் மட்டும் பழைய பேட்டரி வண்டிப் படத்தின் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வந்ததற்கு ஆளுக்கொரு சாத்துக்குடி ஜூஸ் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ் மாடியில் இருந்தது. அக்கா கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினாள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர். தண்ணீர் கொடுத்து, மூச்சு வாங்குவது அடங்கும் வரை காத்திருந்து, பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "இது மோட்டார் வாகனத்துலயே வராதும்மா. இல்லாத வாகனத்துக்கு நான் எப்படி பாலிசி போடறது?"

"இல்லாத வண்டிலதான் சார் வந்தேன். கீழ நிக்குது, பாருங்க."

அவர் எழுந்து ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். போய் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவரே இன்னொரு வழி சொன்னார். வீட்டுச் சாமான்களோடு சேர்த்து, டிவி, பிரிட்ஜ் மாதிரி வண்டியையும் காட்டலாமாம். அதற்கு வீட்டுப் பத்திரம் வேண்டும். அக்கா வீடு இருப்பது புறம்போக்கில், பட்டாவுக்கு மனுப் போட்டுப் போட்டே அவள் அப்பா கன்னியப்பன் செத்துப் போனார். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் கம்பெனிக்காரன் தனியாக ஒரு பாலிசி போடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். அந்தக் காசுக்கு வண்டிக்கே புது பேட்டரி செட் வாங்கிவிடலாம். "வண்டிய காப்பாத்தறதுக்கு வண்டிய விக்கணும் போலகீதே" என்றாள் அக்கா. அவனும் சேர்ந்து சிரித்தான். சிரிப்பதற்கு அவனுக்கு என்ன கஷ்டம்?

கடைசியாக ஆர்.டி.ஓ. ஆபீஸ். எப்படியாவது ஒரு நம்பர் கொடுங்கள் என்று கேட்டோம். வேண்டாம் என்று சட்டம் சொல்கிற வண்டிக்கு நம்பர் கொடுக்க முடியாது என்றார்கள்.

"அப்ப வேணாம்னாவது ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார். கேட்ல காட்டறேன்."

"அப்படி எழுதிக் குடுக்கற பழக்கம் இல்லைம்மா" என்றார் அந்த எழுத்தர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது. நான் போவணும்னு சொல்றேன், எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க, ஒருத்தனும் வழி வுட மாட்டேங்கறான்" என்றாள்.

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு நாள் கேட்டில் தளவாய் அண்ணன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "யக்கா, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீய. இவுக பேப்பரத்தான் கேக்காவ, வண்டியவா கேக்காவ? ஏதாவது ஒரு பேப்பரக் கொண்டாங்க. பைலுக்குள்ள போட்டா அதோட சரி."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இந்த ரோட்டில் எல்லா கேட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஹாஸ்டல் முகவரிக்கு ஒரு நகல், வயசுக்கு ஒரு நகல், கான்ட்ராக்டர் மாறினால் மறுபடி எல்லாவற்றுக்கும் நகல். எங்களில் பாதிப் பேர் பேப்பரில் இருக்கிற ஊரில் இருந்ததே இல்லை. நகல் இருந்தால் ஆள் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

வழி தாவீதுக்குத்தான் தோன்றியது. வீட்டின் பின்பக்கச் சுவரில் அவர்கள் அப்பாவின் பழைய மொபெட் சாய்ந்து கிடந்தது. அவர் செத்ததிலிருந்து ஓடவில்லை, சீட்டில் கோழி முட்டையிடும். ஆனால் அதற்கு நம்பர் இருந்தது, அவர் பேரிலேயே ஆர்.சி. இருந்தது. எதிராளிக்கு மட்டும் போடுகிற தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மலிவு. பழைய வண்டியைப் புதுப்பிக்கும்போது யாரும் வந்து பார்ப்பதும் இல்லை. ரத்னா நம்பரைத் தட்டினாள், அடுத்த பக்கம் பட்டென்று வந்தது. கன்னியப்பன் என்று தாவீது கையெழுத்துப் போட்டான். அக்கா மொபெட்டிலிருந்து பிளேட்டைக் கழற்றி, சாம்பல் போட்டுத் தேய்த்து, பேட்டரி வண்டியில் மாட்டினாள்.

பாஸ் கிடைத்துவிட்டது. பேட்டரி வண்டிக்கு ஏன் மொபெட் ஆர்.சி. என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டில் எல்லா வண்டிக்கும் பொட்டு வைத்தபோது அக்கா தன் வண்டியின் நம்பர் பிளேட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். "இத்தினி நாளா அநாதையா கெடந்துச்சு. இப்ப அப்பன் பேரு வந்துருச்சு பாரு" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன்னும் நான் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம், மழை விட்டிருந்த ஒரு காலையில், நான் பலகையில் வயரைப் பரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. சூப்பர்வைசர் வந்து சொன்னார். வாலாஜாபாத் ரோட்டில், கட்டுமான வேலை நடக்கிற இடத்திலிருந்து வெளியே வந்த தண்ணீர் லாரி ஒன்று பார்க்காமல் திரும்பி, அக்காவைத் தட்டி, பின் சக்கரத்தை அவள் காலில் ஏற்றிவிட்டது. எந்தக் கால் என்று கேட்டேன். வலது கால் என்றார். கடவுளுக்கும் அந்த ஒரு கால்தான் கண்ணில் பட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். தப்பு முழுக்க லாரிக்காரன் மேல், லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, நல்ல நஷ்டஈடு வரும். அக்காவும் அதைப் பிடித்துக்கொண்டாள். செயற்கைக் கால் வைக்கலாம், கையாலேயே ஓட்டுகிற மாதிரி மூணு சக்கரப் பேட்டரி வண்டி வாங்கலாம், நாற்காலிக்குத் திரும்பிவிடலாம். "உக்காந்து பாக்கற வேலைதான கனகு, காலு எதுக்கு? கண்ணும் கையும் கீதே" என்று படுக்கையில் கிடந்தபடி சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆமாக்கா என்றேன்.

ஸ்ரீபெரும்புதூர் வக்கீல் ஒருவர் வழக்குப் போட்டார். லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி விசாரிக்க ஒரு ஆளை அனுப்பியது. அந்த ஆள் போலீஸ் ஸ்டேஷனில் நின்ற பேட்டரி வண்டியைப் படம் எடுத்தான். பிளேட்டு நம்பரை ஆர்.டி.ஓ.வில் கேட்டான். எழிச்சூருக்கு வந்து பின்பக்கச் சுவரில் கிடந்த மொபெட்டையும், கோழி உட்கார்ந்திருக்கும்போதே, படம் எடுத்துக்கொண்டு போனான். இத்தனை நாளும் பேப்பரை மட்டும் பார்த்த ஊரில் வண்டியைப் பார்த்த முதல் மனுஷன் அவன்தான்.

வக்கீல் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அக்காவைத் தாவீது தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் வைத்தான்.

"நம்பரே இல்லாம இருந்திருந்தா நீங்க சைக்கிள்ல போனவங்க மாதிரிம்மா" என்றார் வக்கீல். "லைசென்ஸ் எங்கேன்னு கேக்க முடியாது, ஆர்.சி. எங்கேன்னு கேக்க முடியாது. பணம் முழுசா வந்திருக்கும். நீங்களா ஒரு நம்பரை மாட்டி அதை மோட்டார் வண்டி ஆக்கிட்டீங்க. இப்ப அவங்க சொல்றது, லைசென்ஸ் இல்லாம, போலி நம்பர்ல வந்து விழுந்தாங்கன்னு. செத்தவர் பேர்ல கையெழுத்து வேற."

"தட்டினது லாரி சார்" என்றாள் அக்கா.

"நான் இல்லேன்னு சொல்லல. கேஸை நடத்தலாம். வருஷம் ஆனாலும் கொஞ்சமாவது வரும். ஆனா நாம நடத்தினா அவங்க கையெழுத்து விஷயத்தை போலீசுக்குக் கொண்டு போவோம்னு சொல்றாங்க. கையெழுத்துப் போட்டது உங்க தம்பி."

தாவீது அப்போதுதான் நிரந்தர வேலைக்குத் தேர்வாகியிருந்தான். அந்தக் கார் கம்பெனி போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதி அவனைப் பற்றிக் கேட்டிருந்தது. பேரில் ஒரு வழக்கு இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். "எம்மேல போட்டா போடட்டுங்கா. நீ வுடாத" என்றான். சொல்லிவிட்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி செந்தாமரை இடுப்புக் குழந்தையோடு கதவோரம் நின்றாள்.

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். "வாபஸ் வாங்கிருங்க சார்" என்றாள்.

நான் சண்டை போட்டேன். உங்களுக்குப் பைத்தியமாக்கா என்று வக்கீல் முன்னாலேயே கத்தினேன். "எனக்கு சோறு போடப் போறது அவந்தான்டி. அவன் வேலையும் போச்சுன்னா ரெண்டு பேரும் எங்க போறது" என்று கேட்டாள்.

விசாரிக்க வந்த ஆள் எங்கள் கம்பெனியிலும் கேட்டிருந்தான்; போலி ஆவணம் கொடுத்தாள் என்று கம்பெனி அக்காவை வேலையை விட்டு நீக்கியது. அந்த நகலை அக்காதான் கேட்டில் தன்னிடம் கொடுத்தாள் என்று தளவாய் அண்ணன் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. "நாந்தாம்மா சொல்லிக் குடுத்தேன். அதச் சொன்னா எனக்கும் வேலை போயிரும்லா" என்று என்னிடம் சொல்லி அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் யார் மேல்தான் கோபப்படுவது? தண்ணீர் கொடுத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அதிகாரி மேலா, பழக்கம் இல்லை என்ற எழுத்தர் மேலா, ரத்னாவின் கம்ப்யூட்டர் மேலா? எல்லோரும் அவரவர் நாற்காலியில்தான் இருக்கிறார்கள். அக்காவின் நாற்காலியில் மட்டும் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

2015இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க எழிச்சூர் போனேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செயற்கைக் கால் சரியாகப் பொருந்தவில்லை, அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மற்ற கால் தாங்கவில்லை என்றாள். கழிப்பறைக்குக் கூடச் செந்தாமரை வந்தால்தான் போக முடிகிறது. "அவளுக்கும் வேலை கெடக்குது, நான் எப்ப போவணும்னு அவதான் சொல்றா" என்றாள். சொல்லும்போது சிரிக்கக் கூட இல்லை.

போன் அடித்தது. கையில் கீரை ஒட்டியிருந்ததால் என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். சென்னையிலிருந்து ஒரு பெண் குரல், நல்ல மரியாதையான குரல்.

"கன்னியப்பன் சார் இருக்காருங்களா?"

"அவரு எங்கப்பா. நான் பொண்ணு பேசறேன். சொல்லும்மா."

"சாரோட டூ வீலர் பாலிசி முடிஞ்சிருக்குங்க மேடம், புதுப்பிக்கணும். உங்க வண்டி பேர்ல இதுவரைக்கும் ஒரு விபத்தும் இல்லை, ஒரு க்ளெய்மும் இல்லை. ரொம்ப நல்ல ரெக்கார்டு மேடம். வண்டி இப்ப நல்ல நிலைமைல இருக்குங்களா?"

அந்த போனை எடுத்து வீசி எறியப் போனேன். அக்கா நிறுத்து என்பது போலக் கையைக் காட்டினாள். திரும்பிப் பின்பக்கச் சுவரைப் பார்த்தாள். பிளேட்டு இல்லாத மொபெட் அதே இடத்தில் சாய்ந்திருந்தது, சீட்டில் கோழி இருந்தது.

"கீதும்மா" என்றாள். "வண்டிக்கு ஒண்ணும் ஆவல."

அந்தப் பெண் நன்றி சொல்லி, மெசேஜ் அனுப்புவதாகச் சொல்லி வைத்தாள். அக்கா கீரைத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் கூட அழாதவள். உள்ளேயிருந்து செந்தாமரை எட்டிப் பார்த்துவிட்டு, அக்கா கூப்பிடாததால் திரும்பிப் போய்விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் கீரையை ஆய்ந்தேன்.